சர்க்கரை ஏறாத புரதங்கள்: பிஎம்எம்2 குறைபாட்டின் மருத்துவமும் உயிர்வேதியியலும்

1980-ல் பெல்ஜியத்தின் லூவன் நகரைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் யாக் யாக்கென் ஒரு சிறிய ஆய்வுச் சுருக்கத்தை வெளியிட்டார். வளர்ச்சியில் பின்தங்கிய இரட்டைச் சகோதரிகளைப் பற்றியது அது. அவர்களுடைய பரிசோதனை முடிவுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடந்தன. தைராய்டு ஹார்மோனைச் சுமந்து செல்லும் புரதம் குறைந்திருந்தது. ஆரில்சல்ஃபடேஸ் ஏ என்ற நொதி இரத்தத்தில் மிகுந்திருந்தது. புரோலாக்டின், எஃப்எஸ்எச், வளர்ச்சி ஹார்மோன் ஆகியவற்றின் அளவுகள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன. மூளைத் தண்டுவட நீரில் புரதம் கூடியிருந்தது. ஒரே நோய் இத்தனை இடங்களில் எப்படிக் கைவைக்க முடியும்? யாக்கென் வைத்த தலைப்பும், இது புதிய நோயாக இருக்குமோ என்ற கேள்வியோடுதான் முடிந்தது.

அளவு பிறழ்ந்த புரதங்களில் பலவற்றுக்கு ஒரு பொதுத்தன்மை இருந்தது. அவற்றின் உடலில் சர்க்கரைச் சங்கிலிகள் கோக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த வழியில் தேடிய யாக்கெனும் கூட்டாளிகளும், இந்தக் குழந்தைகளின் டிரான்ஸ்ஃபெரின் புரதத்தில், சங்கிலியின் முனையில் இருக்க வேண்டிய சயாலிக் அமிலம் குறைந்திருப்பதை 1984-ல் காட்டினார்கள். இரும்பைச் சுமக்கும் சாதாரண இரத்தப் புரதம்தான் டிரான்ஸ்ஃபெரின். குழந்தைகளின் நோய் வரலாற்றில் ஒரு தனிக் கிளையே அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து பிறந்தது. கிளைகோசைலேற்றப் பிறவிக் குறைபாடுகள், சுருக்கமாகச் சிடிஜி, என்று இன்று அழைக்கப்படும் குடும்பத்தில் 150-க்கும் மேற்பட்ட நோய்கள் இருக்கின்றன. அவற்றில் அதிகம் காணப்படுவது, அந்தச் சகோதரிகள் வழியாக மருத்துவ உலகம் அறிந்த பிஎம்எம்2-சிடிஜி. பழைய நூல்களில் இது சிடிஜி-1ஏ என்றும் யாக்கென் நோய் என்றும் இருக்கும். அதிகம் காணப்படுவது என்றாலும், உலகம் முழுவதும் மருத்துவ இதழ்களில் பதிவானவர்கள் ஆயிரத்தைச் சற்றுத் தாண்டியவர்களே.

உயிர்வேதியியலை முதலில் பார்த்துவிடுவது நல்லது. மருத்துவ அறிகுறிகளின் சிதறல் அதன்பிறகே புரியும். செல்லுக்கு வெளியே அனுப்பப்படும் புரதங்களும் செல்லின் சவ்வில் பதியும் புரதங்களும் பெரும்பாலும் சர்க்கரைச் சங்கிலியோடுதான் வேலைக்குப் போகின்றன. புரதம் சரியாக மடிவதற்கும், இரத்தத்தில் சிதையாமல் நிற்பதற்கும், போய்ச் சேர வேண்டிய செல்லால் அடையாளம் காணப்படுவதற்கும் அந்தச் சங்கிலி தேவை. எண்டோபிளாஸ்மிக் வலையின் சவ்வில், டாலிகால் என்ற நீண்ட கொழுப்பு மூலக்கூறின் மீது, 14 சர்க்கரைகள் ஒவ்வொன்றாக ஏற்றப்படுகின்றன: இரண்டு என்-அசிட்டைல் குளுக்கோசமீன், ஒன்பது மன்னோஸ், மூன்று குளுக்கோஸ். கட்டி முடித்த சங்கிலி முழுதாகப் பெயர்த்தெடுக்கப்பட்டு, உருவாகிக்கொண்டிருக்கும் புரதத்தின் அஸ்பராஜின் அமினோ அமிலத்தில் பொருத்தப்படுகிறது. பிறகு கோல்கை உறுப்பில் அது செதுக்கப்பட்டு, பெரும்பாலும் சயாலிக் அமிலத்தை முனையில் சூடிக்கொண்டு வெளியே வருகிறது.

பதினான்கில் ஒன்பது மன்னோஸ் என்ற கணக்கைக் கவனியுங்கள். அந்த ஒன்பதும் மன்னோஸ்-1-பாஸ்பேட் என்ற ஒரே மூலப்பொருளிலிருந்து வர வேண்டும். மன்னோஸ்-6-பாஸ்பேட்டை மன்னோஸ்-1-பாஸ்பேட்டாக மாற்றுவது பாஸ்போமன்னோமியூட்டேஸ்-2 என்ற நொதி, அதுதான் பிஎம்எம்2. இந்த நொதி தளர்ந்தால் சங்கிலிகளின் உற்பத்தி குறைகிறது. கையிருப்பு போதாததால், சங்கிலி ஏற வேண்டிய சில இடங்கள் வெறுமையாகவே விடப்படுகின்றன. இதே நொதிக்கு பிஎம்எம்1 என்ற நெருங்கிய உறவு மூளையில் நிறைய இருந்தும், இந்தப் பற்றாக்குறையை அது ஈடுசெய்வதில்லை. உயிரின் தொடக்கத்திலேயே பிஎம்எம்2 இன்றியமையாதது என்பதை எலி ஆய்வுகள் காட்டின. இந்த மரபணு முற்றிலும் நீக்கப்பட்ட எலிக் கருக்கள் முதல் சில நாட்களைத் தாண்டவில்லை.

சங்கிலி ஏறும் இடங்கள் வெறுமையாக விடப்படுகின்றன என்று எப்படித் தெரிந்தது? டிரான்ஸ்ஃபெரினில் இரண்டு இடங்களில் சங்கிலி ஏறும்; ஒவ்வொரு சங்கிலியும் இரண்டாகக் கிளைத்து, முனைக்கு ஒன்றாக இரண்டு சயாலிக் அமிலங்களைத் தாங்கும். ஆக, இயல்பான டிரான்ஸ்ஃபெரினில் பெரும்பகுதிக்கு நான்கு சயாலிக் அமிலங்கள். ஒவ்வொன்றும் ஒரு எதிர்மின்னூட்டம் தருவதால், ஐசோஎலக்ட்ரிக் ஃபோகசிங் என்ற பழைய, எளிய மின்புல முறையில் இவற்றைப் பட்டை பட்டையாகப் பிரித்துவிடலாம். நோயுற்ற குழந்தைகளிடம் நான்கு சயாலிக் அமிலப் பட்டை மெலிந்து, இரண்டு உள்ளதும் ஒன்றுமே இல்லாததும் தடித்துத் தெரிந்தன. மூன்றும் ஒன்றும் அவ்வளவாகக் கூடவில்லை. முனைகள் மட்டும் உதிர்ந்திருந்தால் நான்கு, மூன்று, இரண்டு என்று படிப்படியாகக் குறைந்திருக்க வேண்டும். இரண்டிரண்டாகக் குறைந்தது என்றால் முழுச் சங்கிலியே காணாமல் போயிருக்கிறது என்று பொருள். 1992-ல் ஜப்பானில் யோஷினாவோ வாடா குழுவினர் நிறை நிறமாலை அளவீட்டில் இதை நேரடியாக உறுதி செய்தார்கள். சயாலிக் அமிலக் குறைபாடு என்று முதலில் தோன்றிய நோய், சங்கிலி கட்டும் முதற்கட்டத்தின் நோய் என்று ஆனது. இந்தப் பட்டை அமைப்பைத்தான் இன்றும் முதல் வகை என்கிறோம். கோல்கையில் செதுக்கும்போது நேரும் பிழைகளில் மூன்று, ஒன்று ஆகிய பட்டைகளும் கூடும். அது இரண்டாம் வகை. ஒரு சொட்டு இரத்தத்தில் செல்லின் எந்தப் பட்டறையில் கோளாறு என்று சொல்லிவிடும் இந்தச் சோதனைக்கு இணையானவை மருத்துவத்தில் மிகக் குறைவு.

1995-ல் எமில் வான் ஷாஃப்டிங்கனும் யாக்கெனும் குறைபட்ட நொதி எது என்று கண்டுபிடித்தார்கள். 1997-ல் லூவனின் கெர்ட் மத்தைஸ் குழு, 16-ஆம் குரோமோசோமில் உள்ள பிஎம்எம்2 மரபணுவில் பிறழ்வுகளைக் காட்டியது. நோய் ஒடுங்கு பண்பாகக் கடத்தப்படுகிறது. பெற்றோர் இருவரும் ஆளுக்கொரு பிறழ்ந்த பிரதியைச் சுமந்தால், ஒவ்வொரு கருத்தரிப்பிலும் நோய்க்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஐரோப்பியரிடம் மிகப் பரவலான பிறழ்வு ஆர்141எச். வட ஐரோப்பாவில் ஏறத்தாழ 70 பேருக்கு ஒருவர் அதைச் சுமக்கிறார். இவ்வளவு பரவலாக இருந்தும், இரண்டு பிரதியும் ஆர்141எச் ஆக உள்ள நோயாளி ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. அந்தப் பிறழ்வில் நொதியின் செயல்பாடு ஏறக்குறைய அற்றுப்போகிறது. இரு பக்கமும் அதுவே வந்தால் கரு பிழைப்பதில்லை. எனவே உயிரோடு நம் முன் வரும் ஒவ்வொரு பிஎம்எம்2 குழந்தையிடமும் கொஞ்சமாவது நொதி மிஞ்சியிருக்கிறது. எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது நோயின் கடுமையை ஓரளவு தீர்மானிக்கிறது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் அடிக்கடி இதன் இணையாக வரும் எஃப்119எல் போன்ற பிறழ்வுகள் அந்த மிச்சத்தைத் தருபவை.

இனி மருத்துவப் படம். பெரும்பாலான குழந்தைகள் பிறந்த சில வாரங்களிலோ மாதங்களிலோ தளர்ந்த தசைகளோடும், பால் குடிக்கத் திணறிக்கொண்டும், எடை ஏறாமலும் வருகிறார்கள். மாறுகண் மிகச் சாதாரணம். உள்வாங்கிய முலைக்காம்புகளும், புட்டத்தின் மேற்புறத்திலும் அடிவயிற்றின் கீழேயும் திரளும் வழக்கத்துக்கு மாறான கொழுப்புத் திண்டுகளும் அனுபவமுள்ள கண்ணுக்கு உடனே பெயர் சொல்லிவிடும். ஆனால் இவை எல்லாக் குழந்தைகளிடமும் இருப்பதில்லை; இருந்தாலும் வயது ஏற ஏற மறையக்கூடியவை. எம்ஆர்ஐ எடுத்தால் சிறுமூளை சிறுத்துத் தெரியும். இந்த நோயின் நிலையான அடையாளம் அதுதான். தளர்ந்த குழந்தை, மாறுகண், சிறுத்த சிறுமூளை மூன்றும் சேர்ந்தால் வேறு எதையும் யோசிக்கும் முன் டிரான்ஸ்ஃபெரின் பார்க்க வேண்டும்.

இந்த ஆரம்ப வருடங்களே மிக ஆபத்தானவை. கல்லீரல் நொதிகள் உயர்கின்றன. இதயத்தைச் சுற்றி நீர் கோக்கலாம், இதயத் தசை தடிக்கலாம். குடல் வழியே புரதம் இழக்கப்பட்டு உடல் வீங்கலாம். தொற்றுகள் எளிதில் கட்டுமீறுகின்றன. பல உறுப்புகளும் ஒருசேரத் தாக்கப்படும் கடும் வடிவத்தில், ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தை முதல் சில ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகிறது என்பது பல தொகுப்பாய்வுகள் சொன்ன கணக்கு. அந்தக் கட்டத்தைத் தாண்டியவர்களுக்கு நோய் ஓரளவு நிலைபெறுகிறது. இதைப் பெற்றோரிடம் சொல்லாமல் விடுவது பெரிய குறை. தீராத நோய் என்ற ஒற்றைச் சொல்லோடு அனுப்பப்படும் தாய்க்கு, கடுமையான வருடங்கள் முன்பக்கமே இருக்கின்றன, பின்னால் வருவது அதைவிட அமைதியானது என்று தெரிய வேண்டும்.

வளர்ந்த குழந்தையிடம் முன்னுக்கு வருவது தள்ளாட்டமும் அறிவு வளர்ச்சிக் குறைவும். பலர் உதவியோடு நடக்கிறார்கள் அல்லது சக்கர நாற்காலியில் இருக்கிறார்கள். தள்ளாட்டம் பொதுவாக ஆண்டுதோறும் மோசமாவதில்லை. விழித்திரையில் நிறமிச் சிதைவு, புற நரம்புகளின் நலிவு, முதுகெலும்பு வளைவு, எலும்பு அடர்த்திக் குறைவு ஆகியவை மெல்லச் சேர்கின்றன. பெண்களில் பலருக்குப் பருவமடைதல் நிகழ்வதில்லை. சினைப்பைகள் ஹார்மோன் தூண்டலுக்கு இணங்குவதில்லை. பெரியவர்களான நோயாளிகள் பெரும்பாலும் கலகலப்பாகப் பழகுகிறவர்கள் என்று அவர்களைக் கவனித்துவரும் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அறிவாற்றல் இயல்பாகவே உள்ள லேசான வடிவங்களும் உண்டு. நடுவயதில் தள்ளாட்டத்துக்காக வந்த பெரியவரிடம் இந்த நோய் தெரியவருவது அதனால்தான் வியப்பல்ல.

இரத்தம் உறைதலைத் தனியாகச் சொல்ல வேண்டும். உறைய வைக்கும் புரதங்களும் உறைவதைத் தடுக்கும் புரதங்களும் சர்க்கரைச் சங்கிலி தாங்குபவை. எனவே காரணி 11 குறைகிறது. கூடவே ஆன்டித்ராம்பின், புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ் ஆகியவையும் குறைகின்றன. இரத்தக் கசிவு, இரத்தக் கட்டு இரண்டின் பக்கமும் சாயக்கூடிய ஒரு தராசு இது. அறுவைச் சிகிச்சைக்கு முன் இந்த அளவுகளைப் பார்த்தே ஆக வேண்டும். பருவமடையாத பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுப்பதாக இருந்தாலும் கட்டு உண்டாகும் அபாயத்தை எடைபோட வேண்டும். பக்கவாதம் போன்ற திடீர்த் தாக்குதல்களும் உண்டு. காய்ச்சலோ தலையில் சிறு அடியோ பட்டபின் குழந்தை ஒருபக்கம் செயலிழந்து, மயங்கி, வலிப்பு கண்டு, பிறகு மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ மீள்கிறது. ஸ்கேனில் அடைப்பு எதுவும் பெரும்பாலும் தெரிவதில்லை. நரம்புச் செல்லின் கால்சியம் வாயில் ஒன்றுக்குச் சர்க்கரை சரியாக ஏறாததால் அது அளவுக்கு மேல் திறந்துகொள்கிறது என்ற விளக்கத்தை ஸ்பானிய ஆய்வாளர்கள் 2018-ல் முன்வைத்தார்கள்.

தைராய்டு அறிக்கையும் மருத்துவரை ஏமாற்றும். சுமக்கும் புரதம் குறைவதால் மொத்த டி4 குறைந்து தெரியும். உண்மையில் வேலை செய்யும் கட்டற்ற டி4 பல குழந்தைகளுக்கு இயல்பாகவே இருக்கும். மொத்த அளவை மட்டும் பார்த்து மாத்திரை எழுதிவிடக் கூடாது.

இந்த நோயின் பக்கத்திலேயே இன்னொரு நோய் நிற்கிறது. என் பார்வையில் இந்தத் துறை முழுவதிலும் மிக அவசரமாகத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி அதுவே. குளுக்கோஸிலிருந்து வரும் ஃப்ரக்டோஸ்-6-பாஸ்பேட்டை மன்னோஸ்-6-பாஸ்பேட்டாக மாற்றும் நொதி எம்பிஐ. அதற்கு அடுத்த படியில் நிற்பதுதான் பிஎம்எம்2. ஒரே வாய்க்காலில் மேல்மதகும் கீழ்மதகும் போல இவை அமைந்திருக்கின்றன. இரண்டில் எது அடைத்தாலும் கடைமடையில் பயிர் காயும். டிரான்ஸ்ஃபெரின் பட்டைகள் அதே முதல் வகையாகத்தான் தெரியும். ஆனால் உணவில் கொடுக்கும் மன்னோஸ், ஹெக்சோகைனேஸ் நொதியால் மன்னோஸ்-6-பாஸ்பேட் ஆகி, இரு மதகுகளுக்கும் நடுவில்தான் வந்து விழுகிறது. மேல்மதகு அடைத்திருந்தால் அந்த நீர் வயலுக்குப் போய்ச் சேரும். கீழ்மதகு அடைத்திருந்தால் எவ்வளவு ஊற்றினாலும் அங்கேயே தேங்கும்.

எம்பிஐ-சிடிஜி குழந்தைகளுக்கு மூளை பாதிக்கப்படுவதில்லை. வாந்தி, வயிற்றுப்போக்கு, குடல்வழிப் புரத இழப்பு, கல்லீரல் நார்த்தடிப்பு, இரத்தச் சர்க்கரை வீழ்ச்சி, இரத்தக் கட்டு, கசிவு இவையே அதன் முகம். 1998-ல் ஜெர்மனியில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த ஒரு குழந்தைக்கு வாய்வழியே மன்னோஸ் கொடுத்து மீட்ட செய்தி வெளியானது. சாதாரணமாக ஒரு கிலோ எடைக்கு 150 முதல் 170 மில்லிகிராம், நாளுக்கு நான்கைந்து தடவை. மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்க வேண்டியது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சாகனே பகுதியில் 1980-களில் இதே குறிகளோடு குழந்தைகள் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது எம்பிஐ குறைபாடு என்பது பிற்பாடு நிரூபிக்கப்பட்டது. கைக்கெட்டும் ஒரு எளிய சர்க்கரையால் அந்த உயிர்கள் நின்றிருக்கக்கூடும். மன்னோஸ் எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவதும் இல்லை. கல்லீரல் நார்த்தடிப்பு சிலரிடம் தொடர்கிறது, மாற்றுக் கல்லீரல் வரை போனவர்கள் உண்டு. ஆனாலும் முதல் வகைப் பட்டை என்று அறிக்கை வந்தவுடன் பிஎம்எம்2 என்று எழுதி மூடிவிட்டு, எம்பிஐ நொதியையோ மரபணுவையோ பார்க்காமல் விடுவதை மன்னிக்க முடியாது.

அதே மேல்மதகைத் தற்காலிகமாக அடைக்கும் நோயும் இருக்கிறது. பரம்பரை ஃப்ரக்டோஸ் சகிப்பின்மையில் தேங்கும் ஃப்ரக்டோஸ்-1-பாஸ்பேட் எம்பிஐ நொதியை முடக்கும். பழமும் சர்க்கரையும் தின்னும் அந்தக் குழந்தையின் டிரான்ஸ்ஃபெரின் சிடிஜி போலவே இருக்கும். ஃப்ரக்டோஸை உணவிலிருந்து நீக்கினால் பட்டைகள் சீராகிவிடும். சிகிச்சை பெறாத கேலக்டோசீமியாவும் இப்படி ஏமாற்றும். பெரியவர்களில் தொடர்ந்த மதுப்பழக்கமும் இதே பட்டைகளைத் தரும். குடிப்பழக்கத்தை அளக்கும் சிடிடி என்ற சோதனை இந்த மாற்றத்தை அடிப்படையாகக் கொண்டதே. டிரான்ஸ்ஃபெரின் புரதத்திலேயே இயல்பான மரபு வேறுபாடு இருந்தாலும் பட்டை இடம்மாறும். பெற்றோரின் இரத்தத்தையும் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எதிர்ப்பக்கத்துப் பிழையும் நேரும். பிறந்த சில வாரங்களில் சோதனை இயல்பாக வந்து பிறகு மாறலாம். வயது கூடிய சில நோயாளிகளின் பட்டைகள் ஏறக்குறைய இயல்பாகிவிடுகின்றன. கருவில் நோயைக் கண்டறிய டிரான்ஸ்ஃபெரின் உதவாது. கருவின் பட்டைகள் இயல்பாகவே இருக்கும், எனவே மரபணுவையே பார்க்க வேண்டும். 2017-ல் இன்னொரு வடிவம் தெரியவந்தது: இன்சுலின் மிகையால் இரத்தச் சர்க்கரை விழும், சிறுநீரகங்களில் நீர்க்கட்டிகள் இருக்கும், டிரான்ஸ்ஃபெரினோ இயல்பு. பிஎம்எம்2 மரபணுவை இயக்கும் முன்பகுதியில் உள்ள ஒரே ஒரு எழுத்து மாற்றம் இதற்குக் காரணம். புரதக் குறியீட்டுப் பகுதியை மட்டும் படிக்கும் எக்ஸோம் சோதனையின் கண்ணுக்கும் அது தப்பலாம்.

குடும்பத்தின் மற்ற உறுப்பினர்களைச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். பிஜிஎம்1-சிடிஜி குழந்தைகளுக்குப் பிளந்த உள்நாக்கு, கல்லீரல் கோளாறு, தசைச் சிதைவு, இதயத் தசை நலிவு வரும். கேலக்டோஸ் பலருக்குப் பயன்படுவதாக 2014-ல் ஒரு பன்னாட்டுக் குழு 19 நோயாளிகளை வைத்து விவரித்தது. சிஏடி-சிடிஜியில் யூரிடின் வலிப்புகளைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. ஃபியூகோஸ் சர்க்கரையை கோல்கைக்குள் கொண்டுசெல்ல இயலாத நோயில் வெள்ளணுக்கள் இரத்தக் குழாயை விட்டு வெளியேற முடியாமல் தொற்றுகள் தொடர்கின்றன. அந்தக் குழந்தைகளின் இரத்த வகை, 1952-ல் பம்பாயில் பெண்டே குழுவினர் கண்டறிந்த பம்பாய் வகையாக இருக்கிறது. பம்பாய் வகை இரத்தம் உள்ள மற்றவர்கள் நலமாகவே வாழ்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஃபியூகோஸ் ஊட்டல் அந்த நோயாளிகளில் சிலருக்கு மட்டும் பலன் தந்தது.

பிஎம்எம்2-க்கு மருந்து? ஆய்வுக்கூடச் செல்களில் மன்னோஸ் நம்பிக்கை தந்தது. 1990-களின் நோயாளி ஆய்வுகளில் அந்த நம்பிக்கை பலிக்கவில்லை, அதற்கான காரணம் மதகுகளின் அமைப்பிலேயே இருக்கிறது. மன்னோஸ்-1-பாஸ்பேட்டைக் கொழுப்புக் குமிழுக்குள் வைத்து அடைப்பைத் தாண்டிச் செலுத்தும் முயற்சி மனிதர்களிடம் சோதிக்கப்பட்டு வருகிறது. பழைய மருந்தான அசிட்டசோலமைடு தள்ளாட்டத்தைக் குறைத்ததாகப் பார்சிலோனாவிலிருந்து 2019-ல் ஆய்வு வந்தது. நோயின் மூலத்தை அது தொடவில்லை, ஆனால் ஒரு குழந்தை சற்று உறுதியாக உட்கார முடிவது சிறிய காரியம் அல்ல. நீரிழிவு நரம்பு நோய்க்காக ஜப்பானிலும் இந்தியாவிலும் விற்கப்படும் எபால்ரெஸ்டாட், மிச்சமிருக்கும் நொதியை முடுக்கிவிடக்கூடும் என்ற எண்ணத்தில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் சோதிக்கப்பட்டது. கடையில் கிடைக்கிறது என்பதற்காகப் பெற்றோர் தாங்களாகவே வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது. இன்று நிச்சயமாகப் பயன் தருபவை ஊட்டச்சத்துக் கவனிப்பு, இயன்முறைச் சிகிச்சை, காய்ச்சலை உடனடியாகக் கட்டுப்படுத்துவது, உறைதல் அளவுகளைக் கண்காணிப்பது, கண் மற்றும் எலும்புப் பரிசோதனைகள்.

அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கம் இன்னும் உள்ள நம் பகுதியில் ஒடுங்கு பண்பு நோய்கள் எல்லாவற்றுக்கும் வாய்ப்பு கூடுதல். எக்ஸோம் சோதனை இப்போது நம் நகரங்களில் எளிதாகக் கிடைக்கிறது; ஆனால் பொருள் தெளிவாகாத மரபணு மாற்றங்களை அது அடிக்கடி தருகிறது. அந்த மாற்றம் நோயைத் தருகிறதா என்று சொல்ல டிரான்ஸ்ஃபெரினும் நொதி அளவீடும் வேண்டும். முதல் குழந்தையின் நோய்க்கு மரபணு அளவில் பெயர் கிடைத்தால்தான் அடுத்த கருவைச் சோதித்துப் பார்க்கவும் முடியும். பெருமூளை வாதம் என்று ஒரு வரியில் எழுதி அனுப்பப்பட்ட குழந்தைகளில், பிறப்பின்போது மூச்சுத் திணறிய வரலாறே இல்லாதவர்கள், சிறுமூளை சிறுத்தவர்கள், கல்லீரல் நொதி காரணமின்றி உயர்ந்தவர்கள் இருக்கிறார்கள். குழந்தை மருத்துவர்களிடம் நான் கேட்பது இதுதான்: அந்தக் கோப்புகளை மீண்டும் திறந்து டிரான்ஸ்ஃபெரின் சோதனைக்கு எழுதுங்கள், மூளை நலமாக இருந்து, குடலும் கல்லீரலும் மட்டும் தொடர்ந்து நோகும் குழந்தைக்கும் எழுதுங்கள். முதல் வகைப் பட்டை வந்தால் எம்பிஐ-யை விலக்கும்வரை நிறுத்தாதீர்கள்.